பஸ்ஸில் ஐரோப்பா: வேலூர் வட்டாரத்தாருக்கு ஒரு முழு வழிகாட்டி

காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் இப்போது ஐரோப்பா போய்வந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், பேங்க் ஆபீசர், நர்ஸ், ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். தனியாக டிக்கெட், ஓட்டல், ரயில் எல்லாம் பிடித்துச் சுற்றத் தெம்பு இல்லாதவர்களுக்கு குரூப் டூர்தான் வழி. விமானத்தில் போய் இறங்கினால் வாசலில் ஒரு பெரிய ஏசி பஸ் நிற்கும். நாற்பது ஐம்பது பேர், ஒரு டிரைவர், ஒரு டூர் மேனேஜர். பாரீஸில் ஏறியவர்களை ரோமில் இறக்கிவிடும் வரை பெரும்பாலும் அதே பஸ்தான்.

இதில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பஸ் ஏறிய பிறகு நீங்கள் முடிவு செய்வதற்கு அதிகம் எதுவும் இருக்காது. எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எதைச் சாப்பிடுவது எல்லாம் முன்பே முடிவானது. அதனால் இந்தப் பயணத்தின் நல்லது கெட்டது முக்கால்வாசி வேலூரில் உட்கார்ந்திருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கிளம்புவதற்கு முந்தைய வேலைகளாக இருப்பதும் அதனால்தான்.

முதல் வேலை: பயணத் திட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

விளம்பரத்தில் "12 நாள், 10 நாடு" என்று பெரிய எழுத்தில் இருக்கும். நாடுகளை எண்ணாதீர்கள். பஸ்ஸில் எத்தனை மணி நேரம், ஒரே ஓட்டலில் எத்தனை ராத்திரி என்று எண்ணுங்கள். போகிற நாளும் வருகிற நாளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். அவற்றைக் கழித்துவிட்டால் 12 நாள் என்பது 10 ஆகிவிடும். சில நாடுகள் பெயருக்குத்தான். லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் தலைநகர் வடூஸில் பஸ் சிறிது நேரம் நிற்கும், அதுவும் ஒரு நாடாகக் கணக்கில் ஏறும்.

தூரத்தைப் பாருங்கள். பாரீஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் சுமார் 300 கிலோமீட்டர், ஏறக்குறைய வேலூரிலிருந்து திருச்சி போகிற தூரம். பிரஸ்ஸல்ஸ் முதல் ஆம்ஸ்டர்டாம் 200 சொச்சம். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வெனிஸ் போக 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஐரோப்பாவில் பஸ்களுக்கு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருப்பார்கள். ரோடு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் டிரைவர் அதற்கு மேல் அழுத்த மாட்டார். நடுவில் நிறுத்தங்களும் சேர்த்தால் 400 கிலோமீட்டர் என்பது முக்கால் நாள். ஒரு திட்டத்தில் அடுத்தடுத்து மூன்று நாள் இப்படி வந்தால் அதை ஒதுக்கிவிடலாம் என்பது என் எண்ணம். மூன்று நாடு, நான்கு நாடு, ஒவ்வொரு ஊரிலும் இரண்டு ராத்திரி என்று இருப்பது விலை கொஞ்சம் கூடினாலும் மேல். தினமும் காலை ஆறு மணிக்குப் பெட்டியை ரூம் வாசலில் வைக்கிற கொடுமை அதில் பாதியாகக் குறையும்.

அடுத்து, எந்த இடத்தில் என்ன செய்வார்கள் என்பதை வரிக்கு வரி பாருங்கள். "போட்டோ ஸ்டாப்" என்றால் இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஏறுவது. "பனோரமிக் டூர்" என்றால் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பது. "நுழைவுக் கட்டணம் சேர்ந்தது" என்று எழுதியிருந்தால்தான் உள்ளே போவீர்கள். ஈஃபிள் கோபுரம் என்று மொட்டையாக எழுதியிருந்தால், இரண்டாம் தளமா, உச்சியா என்று கேளுங்கள். கோபுரத்தின் உயரம் 330 மீட்டர், இரண்டாம் தளம் சுமார் 115 மீட்டரில் இருக்கிறது. இரண்டுக்கும் டிக்கெட் விலையில் நல்ல வித்தியாசம். "ஆப்ஷனல்" என்றால் தனிக் காசு. எல்லா ஆப்ஷனலையும் கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தெரிந்த டூர் பல நேரம் மலிவாக இருக்காது.

கிழமையும் முக்கியம். பாரீஸ் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். வாடிகன் அருங்காட்சியகங்கள், மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறப்பதில்லை. நெதர்லாந்தின் டூலிப் தோட்டமான கூகன்ஹாஃப் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரைதான். மே கடைசியில் போகிற டூருக்கு டூலிப் படம் போட்டு விளம்பரம் செய்தால், படத்தோடு சரி.

எந்த மாதம்? நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்குத் தப்பி மே மாதம் ஓடுவது சரியான யோசனைதான். அங்கே மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நடக்க இதமான மாதங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம் என்பேன். "வேலூர் வெயிலைப் பார்த்தவனுக்கு இத்தாலி வெயில் என்ன செய்யும்" என்று நம் ஆட்கள் சிரிப்பார்கள். இங்கே ஃபேன் இருக்கிறது. அங்கே பல ஓட்டல்களில் ஃபேனும் இல்லை, ஏசியும் இல்லை, ஜன்னல் அரை சாண் மட்டும் திறக்கும். அந்த ரூமில் 35 டிகிரி வேறு மாதிரி சுடும்.

யாருடன் போவது

இரண்டு வகை உண்டு. மும்பை, சென்னை நிறுவனங்கள் நடத்தும் இந்தியக் குழு ஒன்று. ட்ராஃபல்கர், காஸ்மாஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் குழு இன்னொன்று. முதல் வகையில் ராத்திரி இந்தியச் சாப்பாடு இருக்கும், விசா வேலையைப் பெரும்பாலும் அவர்களே பார்ப்பார்கள், பஸ்ஸில் அந்தாக்ஷரியும் இருக்கும். இரண்டாவதில் ஆஸ்திரேலியர், அமெரிக்கர், சிங்கப்பூர்க்காரர் எல்லாம் கலந்திருப்பார்கள், சாப்பாடு அந்தந்த ஊர்ச் சாப்பாடு, விசாவை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். சைவமாக இருந்து, வயதும் அறுபதைத் தாண்டியிருந்தால் முதல் வகைதான் ஒத்துவரும். தமிழ் பேசும் டூர் மேனேஜர் வேண்டுமென்றால் சென்னையிலிருந்து கிளம்பும் குழுவா என்று கேட்டுப் பாருங்கள். மும்பையில் போய்ச் சேர்கிற குழுவில் எல்லாம் இந்தியிலேயே ஓடும்.

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: ஜிஎஸ்டி சேர்ந்ததா, டிசிஎஸ் எவ்வளவு, டிரைவருக்கும் மேனேஜருக்கும் டிப்ஸ் முன்கூட்டியே வாங்குவார்களா, ஊர்களில் ஓட்டல் வசூலிக்கும் நகர வரி யார் தலையில், விசா மறுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள். டிசிஎஸ் என்பது டூர் பணத்தின் மேல் பிடிக்கும் வரி. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. அது போன பணம் இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்ப வாங்கலாம். அதற்குப் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும். பிள்ளை பணம் கட்டினால் யார் பான் எண்ணில் ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்

வேலூரிலேயே அஞ்சலக பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் இதற்காகச் சென்னை ஓட வேண்டியதில்லை. ஆன்லைனில் நேரம் வாங்கிக்கொண்டு போனால் போதும். 29 நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, பாஸ்போர்ட்டில் மூன்று நிபந்தனைகள்: அங்கிருந்து திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். டூர் கம்பெனிகள் பெரும்பாலும் 6 மாதம் கேட்பார்கள். அதையே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிச் சிக்கல். ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் பின்னால், பாஸ்போர்ட்டில் முழுப் பெயர் விரிந்து இரண்டு வரியில். விமான டிக்கெட், விசா விண்ணப்பம், இன்சூரன்ஸ் எல்லாமே பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்க வேண்டும். டூர் கம்பெனிக்கு வாயால் பெயர் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். ரோமின் கொலோசியம் டிக்கெட்டில்கூட இப்போது பெயர் அச்சாகிறது.

விசா

பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரியா உள்பட 29 நாடுகளுக்கு ஷெங்கன் விசா ஒன்றே போதும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனாலும் ஷெங்கனில் இருக்கிறது. லண்டன் சேர்ந்த டூர் என்றால் பிரிட்டனுக்குத் தனி விசா, தனிக் கட்டணம், தனி அலைச்சல். முதல் முறை போகிறவர்கள் லண்டனை விட்டுவிட்டால் செலவும் தலைவலியும் குறையும்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் எந்த நாட்டில் நுழைகிறீர்களோ அதற்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் இருந்தால் 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மே மாதப் பயணத்துக்கு ஜனவரியிலேயே கோப்பு தயாராக இருக்க வேண்டும். கோடைப் பயணத்துக்கு விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

கைரேகை கொடுக்கச் சென்னைக்கு நேரில் போக வேண்டும். ஒருமுறை கொடுத்தால் 59 மாதம் வரை அதையே பயன்படுத்தலாம். காட்பாடியில் காலை ரயில் பிடித்தால் வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலமே திரும்பிவிடலாம். 

ஆவணங்களில் ஆளாளுக்கு வித்தியாசம். வேலையில் இருப்பவர் விடுப்புக் கடிதம், சம்பளச் சீட்டு. ஓய்வு பெற்றவர் ஓய்வூதிய ஆணை. கடை வைத்திருப்பவர் ஜிஎஸ்டி பதிவு. நிலம் நீச்சு உள்ளவர் பட்டா, சிட்டா. அவை தமிழில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். எல்லோருக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரித் தாக்கல், 35க்கு 45 மில்லிமீட்டரில் புது போட்டோ. பிள்ளை செலவு செய்கிறான் என்றால் அவன் கையெழுத்திட்ட கடிதம், அவன் பேங்க் கணக்கு, உறவுக்கு ஆதாரம். விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று மூன்று லட்சத்தைக் கணக்கில் போட்டுக் காட்டுவது வேண்டாம். சந்தேகத்தைத்தான் கிளப்பும். மாதாமாதம் வரும் பென்ஷன் அதைவிட நன்றாகப் பேசும்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. முதல் முறை நுழைகிறவர்களுக்கு வரிசையில் கூடுதல் நேரம் ஆகும். மருதாணி வைத்தவர்கள், சிமென்ட் வேலையில் விரல்நுனி தேய்ந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக நிற்க வேண்டும்.

இன்சூரன்ஸும் மருந்தும்

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கம்பெனி கொடுக்கும் பாலிசியை வாங்கி மடித்து வைத்துவிடாமல், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கொடுப்பார்களா என்ற ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதற்காகக் கூடுதல் பிரீமியம் கட்டினாலும் தகும்.

மருந்துக்கு வேலூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், சிஎம்சி பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் மருந்தின் மூலப் பெயரை எழுதிய சீட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை வேண்டும். எல்லாம் கைப்பையில். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது, விமானத்தின் சரக்குப் பகுதியில் உறைந்துபோக வாய்ப்பு உண்டு.

சுவிட்சர்லாந்தில் யுங்ஃப்ராவ்யோக் போகிற திட்டம் இருந்தால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். 1912இல் திறந்த பல்சக்கர ரயில் போய் நிற்கும் இடம் 3,454 மீட்டர் உயரம். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் கீழேயே நின்று ஏரியைப் பார்ப்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. மேலே போகிறவர்கள் மெல்ல நடக்க வேண்டும், பனியைப் பார்த்த குஷியில் ஓடக் கூடாது.

காலும் செருப்பும்

பஸ் டூர் என்றால் உட்கார்ந்தே பார்ப்பது என்ற நினைப்பைக் கழற்றி வையுங்கள். பழைய நகரங்களின் மையத்துக்குள் பெரிய பஸ்களை விடுவதில்லை. ஃபிளாரன்ஸ், பீசா, ரோம் எல்லா ஊரிலும் வெளியே இறக்கிவிட்டு அங்கிருந்து நடை. கருங்கல் பாவிய தெருவில் தினமும் ஏழெட்டு கிலோமீட்டர் சாதாரணமாக ஆகிவிடும்.

ஐரோப்பியக் கடைகளில் விற்கும் ஷூக்களில் எத்தனையோ ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தைத்துப் போனவை. அதே தரத்தை ஆம்பூர்க் கடைகளில் பாதி விலைக்கு வாங்கலாம். ஆனால் தோல் ஷூவைவிட அடி மெத்தென்ற நடை ஷூவே இதற்கு ஏற்றது. பெருவிரலுக்கு முன்னால் அரை விரற்கடை இடம் இருக்கட்டும், சாயங்காலத்தில் கால் வீங்கும். இரண்டு மாதத்துக்கு முன்பே வாங்கிக் கோட்டைக்குள் காலை நடையில் போட்டுப் பழகுங்கள். புது ஷூவோடு விமானம் ஏறியவர் இரண்டாம் நாளே குதிகாலில் பிளாஸ்திரியோடு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். முட்டி எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சோளிங்கரில் ரோப் காரை விட்டுவிட்டுப் படியேறிப் பாருங்கள். 1,305 படி. பாதி வரை நின்று நின்று ஏறி இறங்க முடிந்தாலே ஐரோப்பா தாங்கும். புடவை கட்டுகிறவர்கள் ஷூவோடு நடந்து பழகுவது அவசியம். கரை தடுக்கி விழுவதைத் தவிர்க்க நான்கு விரல் உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம்.

பெட்டியில் எது, எது வேண்டாம்

ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு கைப்பை. பஸ்ஸின் அடிவயிற்றில் அதற்குத்தான் இடம். பெட்டியை நீங்களே தூக்கி இரண்டு படி ஏறும் எடைதான் சரியான எடை, சில ஓட்டல்களில் லிப்டில் இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாது. அடுக்கடுக்காக உடுத்தும்படி துணி: ஒரு தெர்மல், ஒரு ஸ்வெட்டர், மழை தாங்கும் மேல்கோட்டு. மே மாதத்திலும் மழை வரும். சால்வை ஒன்று. வாடிகன் தேவாலயத்தில் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். புடவை, சுடிதார்க்காரர்களுக்குக் கவலையில்லை, அரை டிரவுசர் மாப்பிள்ளைகளுக்குத்தான் சிக்கல்.

தின்பண்டம் பற்றி விவரமாகச் சொல்லியாக வேண்டும், நம் வீடுகளில் பெட்டியின் பாதி அதுதானே. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சிப் பொருளும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. கோவா சேர்ந்த ஆற்காடு மக்கன் பேடா போகாது. நெய்யும் பால்கோவாவும் அப்படியே. ஆம்பூர் பிரியாணியைப் பொட்டலம் கட்டி விமானத்தில் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விமானத்துக்குள் தின்று முடித்துவிட்டால் சரி, எல்லைக்குள் கொண்டுபோகக் கூடாது. பழம், காய், செடி வகைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, அன்னாசி, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தட்டை, கடலை உருண்டை, உடனடி உப்புமா என்று போனால் வம்பில்லை. ஊறுகாய், புளிக்காய்ச்சல் பாட்டிலெல்லாம் செக்-இன் பெட்டியில்தான். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவ வகை பிடிபடும்.

ரூமில் குக்கர், இண்டக்ஷன் வைத்துச் சமைக்க நினைக்காதீர்கள். புகை மணி அலறினால் மொத்த ஓட்டலும் தெருவில் நிற்கும், அபராதமும் வரும். சின்ன மின்கெண்டி ஒன்று போதும், காலை நாலு மணிக்கு விழிப்பு வந்தவர்களுக்குக் காபி. மேற்கு ஐரோப்பாவில் ரூம்களில் கெண்டி வைப்பது அவ்வளவு வழக்கமில்லை.

நம் ரெண்டு ஊசி சார்ஜர் அங்கே பெரும்பாலும் செருகும். மூன்று ஊசி பிளக் செருகாது, அடாப்டர் வேண்டும். பவர் பேங்க் கைப்பையில். அப்புறம், யாரும் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று: ஒரு பிளாஸ்டிக் சொம்பு. கழிப்பறைகளில் தண்ணீர்க் குழாய் இருக்காது. இத்தாலியில் பெரும்பாலும் பக்கத்திலேயே பிடே என்ற சின்னத் தொட்டி இருக்கும். மற்ற பல நாடுகளில் சொம்புதான் துணை. தரையில் தண்ணீர் போக வழி இருக்காது என்பதால், குளியலும் திரைக்கு உள்ளேயே முடிய வேண்டும். குளியலறை ஈரமாகி கார்ப்பெட் வரை ஓடியதற்காக ஓட்டல்காரர் பணம் கேட்டதும் நடந்திருக்கிறது.

பணம்

வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் பெரும்பகுதி, ரொக்கம் கொஞ்சம். யூரோவில் 5, 10 நோட்டும் ஒன்று, இரண்டு யூரோ நாணயமும் வழியில் அதிகம் உதவும். சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க். சுற்றுலா இடங்களில் யூரோவும் வாங்குவார்கள், மீதியை ஃபிராங்கில் தருவார்கள், அந்த மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. அங்கே கார்டே தேய்த்துவிடுங்கள். கடையில் மெஷின் "ரூபாயில் கட்டவா, யூரோவிலா" என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

கிளம்பும் நாள்

வேலூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 135 கிலோமீட்டர். ராத்திரி விமானம் என்றால் சாயங்கால நெரிசலில்தான் ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி பக்கம் மாட்டுவீர்கள். வழியில் நான்கு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் என்று கணக்கிட்டுக் கிளம்புங்கள். வழியனுப்ப இரண்டு கார் நிறையச் சொந்தக்காரர்கள் வருவதானால் அவர்களுக்காகக் காத்திருந்து தாமதமாகக் கிளம்பாதீர்கள். கோடையில் மேற்கு ஐரோப்பா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். ஜூனில் பாரீஸில் ராத்திரி பத்து மணிக்குத்தான் இருட்டும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்கே பகல் வெளிச்சத்தில் போட்டுவிடுகிறார்களே என்று திகைக்க வேண்டாம்.

பஸ்ஸுக்குள்

குரூப் டூர்ச் சண்டைகளில் முக்கால்வாசி இங்கேதான் பிறக்கும். சீட்டுக்காகவும் நேரத்துக்காகவும்.

சீட்டு முறை: பெரும்பாலான இந்தியக் குழுக்களில் தினமும் வரிசை மாறும். இன்று முன்வரிசை, நாளை மூன்றாவது, கடைசியில் பின்வரிசை. "அம்மாவுக்கு வாந்தி வரும் சார், முன்னாடியே இருக்கட்டும்" என்று ஒருவர் ஆரம்பித்தால், அடுத்த நாள் ஐந்து பேருக்கு வாந்தி வரும். உண்மையிலேயே தலைசுற்றுகிறவர்கள் புக்கிங் செய்யும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும், கையில் வாந்தி மாத்திரை வைத்திருக்க வேண்டும். சீட்டில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது நம் டவுன் பஸ்ஸோடு போகட்டும். பெல்ட் போடுவது கட்டாயம், போலீஸ் ஏறிப் பார்த்தால் அபராதம் பயணிக்குத்தான்.

நேரம்: "எட்டு மணி" என்றால் எட்டுக்குப் பஸ் நகரும். டூர் மேனேஜர் கண்டிப்பானவர் என்பதல்ல காரணம், டிரைவரின் வேலை நேரச் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு டிரைவர் நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். அதை, ஒவ்வொன்றும் குறைந்தது 15 நிமிடம் என்று, இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ராத்திரி 11 மணி நேரம் ஓய்வு, வாரத்தில் சில நாள் மட்டும் 9 மணி நேரமாகக் குறைக்கலாம். இதையெல்லாம் டேக்கோகிராஃப் என்ற கருவி டிரைவரின் அட்டையில் நிமிடம் நிமிடமாகப் பதிகிறது. சாதாரண நாளில் காலை எட்டுக்கு வேலை ஆரம்பித்தவர் ராத்திரி ஒன்பதுக்குள் முடித்தாக வேண்டும். மீறினால் அபராதம் அவருக்கும் கம்பெனிக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு அக்கா ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் வாங்கப் போய் இருபது நிமிடம் தாமதம். மதியம் சாப்பாட்டில் இன்னும் இருபது. சாயங்காலம் ஏரியில் படகுப் பயணம் ரத்து. மேனேஜரிடம் "எங்க காசு சார், எப்படி விடுவீங்க" என்று சண்டை போட்டுப் பயனில்லை, டிரைவரால் முடியாது. தாமதமாக வந்தவரை எல்லோரும் முறைப்பார்கள், மறுநாள் அவரே வேறொருவரை முறைப்பார். அதனால் இறங்கும்போதே மூன்று விஷயம் செய்துவிடுங்கள்: கூடும் இடத்தைப் போனில் படமெடுங்கள், பஸ்ஸின் நம்பர் பலகையைப் படமெடுங்கள், மேனேஜர் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் அலாரம் வையுங்கள்.

டாய்லெட்: பஸ்ஸில் ஒன்று இருந்தாலும் அவசரத்துக்குத்தான், பல டிரைவர்கள் பூட்டியே வைப்பார்கள். இரண்டு இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்துவார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான இடங்களில் தானியங்கிக் கதவில் ஒரு யூரோ போட்டால் திறக்கும். கூடவே ஒரு கூப்பன் வரும், அதே ஓய்விடக் கடையில் பொருள் வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இத்தாலியில் நெடுஞ்சாலைக் கடையில் காபி வேண்டுமென்றால் பல இடங்களில் முதலில் கல்லாவில் காசு கட்டி ரசீது வாங்கி, அப்புறம்தான் காபி மேடைக்குப் போக வேண்டும். நேராக மேடையில் போய் நின்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நிறுத்தம் வருகிறது என்றால் தேவை இருக்கிறதோ இல்லையோ போய்விட்டு வருவதே புத்திசாலித்தனம்.

பஸ்ஸுக்குள் சூடான சாப்பாடு, ஐஸ்கிரீம் அனுமதியில்லை. ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் டிரைவர் கண்ணாடியில் பார்ப்பார். தண்ணீருக்குக் காசு செலவழிக்க வேண்டாம், மேற்கு ஐரோப்பாவில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். ரோமில் தெருமுனைகளில் இருபத்துநாலு மணி நேரமும் கொட்டுகிற குழாய்கள் இருக்கின்றன, காலி பாட்டில் இருந்தால் போதும்.

ஊர்களில்

வெனிஸில் பஸ் ட்ரொன்கெட்டோ என்ற தீவுத் துறை வரைதான் போகும். அங்கிருந்து படகில் சான் மார்கோ சதுக்கத்தின் பக்கம் இறங்க வேண்டும். படகைத் தவறவிட்டால் குழுவை மறுபடி பிடிப்பது கடினம். சந்துக்குள் புகுந்து தனியாகச் சுற்ற ஆசை வரும். போகலாம், "சான் மார்கோ" என்று சுவர்களில் மஞ்சள் பலகை வழி காட்டும்.

பிரஸ்ஸல்ஸில் எல்லோரும் ஓடிப் போய்ப் பார்க்கிற சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலை ஒரு முழத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பார்த்துவிட்டு "இதுக்கா?" என்று கேட்காதவர் குறைவு. அந்த நேரத்தை அருகிலிருக்கும் கிராண்ட் பிளேஸ் சதுக்கத்தில் செலவழியுங்கள். சுவிட்சர்லாந்தின் ரைன் அருவி 150 மீட்டர் அகலம், உயரம் 23 மீட்டர்தான். ஒகேனக்கல் பார்த்தவர்களுக்கு மிரட்சி வராது, ஆனால் படகில் நடுப்பாறை வரை போகிற வசதி இருக்கிறது.

திருடர்கள் பற்றி மேனேஜர் தினமும் சொல்வார், நாலாம் நாளில் காதில் ஏறாது. அவர்கள் முகமூடிக் கொள்ளையர்கள் இல்லை. நன்றாக உடுத்திய பெண் கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுவாள், பாரீஸின் மோன்மார்த்ர் குன்றுப் படிக்கட்டில் ஒருவன் உங்கள் மணிக்கட்டில் நூல் கட்டுவான், மெட்ரோ கதவு மூடும் நேரத்தில் ஒரு கூட்டம் நெருக்கும். இந்தியக் குழு என்றால் ரொக்கமும் நகையும் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தாலிச் சங்கிலி தவிர மற்ற தங்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், சங்கிலியும் ரவிக்கைக்குள் இருக்கட்டும். எல்லோரும் கவனம் தளர்கிற இடம் ஓட்டலின் காலைச் சாப்பாட்டு அறை. நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டு இரண்டாவது தட்டு ரொட்டி எடுக்கப் போகிற அந்த ஒரு நிமிடம் போதும். பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு, உள்பையில்.

ஏதாவது தவறினால்

குழுவைத் தவறவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று மேனேஜருக்குப் போன் செய்யுங்கள். நீங்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் தேடினால் இருட்டிவிடும். இதற்காகவே ஆளுக்கு ஒரு வெளிநாட்டு சிம் அல்லது ரோமிங் வேண்டும், கணவன் போனில் மட்டும் போட்டால் போதாது. ஓட்டல் விலாசச் சீட்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் டாக்ஸிக்காரரிடம் காட்டலாம். போலீஸ், ஆம்புலன்ஸ் எதற்கும் 112. பாஸ்போர்ட் போய்விட்டால் முதலில் போலீஸ் புகார்ச் சீட்டு, அடுத்து இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ். பாஸ்போர்ட், விசா நகலும் இரண்டு போட்டோவும் வேறு பையில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். அந்த நாட்களில் பஸ் உங்களுக்காக நிற்காது, குடும்பத்தில் ஒருவர் உடன் தங்க வேண்டியிருக்கும்.

வாங்கிய பொருளும் கடைசி நாளும்

ஒரே கடையில் பெரிதாக வாங்கினால் வரியைத் திரும்பப் பெறலாம். பிரான்ஸில் 100 யூரோவுக்கு மேல், இத்தாலியில் 70 யூரோவுக்கு மேல். கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்டு வாங்க வேண்டும், பிறகு கேட்டால் தர மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கடைசியாக வெளியேறும் விமான நிலையத்தில் சுங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை என்பதால் லூசெர்னில் வாங்கிய கைக்கடிகாரத்துக்கு அந்த நாட்டு எல்லையிலேயே முத்திரை. எல்லையில் நிறுத்தச் சொல்லி முந்தைய நாளே மேனேஜரிடம் சொல்லிவையுங்கள், பஸ் கடந்துவிட்டால் திரும்பாது.

ரோமிலிருந்து கிளம்புகிறீர்கள் என்றால் பொருளையும் ரசீதையும் படிவத்தையும் பெட்டியின் மேலாக வைத்துக்கொண்டு, செக்-இன் செய்வதற்கு முன்பே சுங்க மேசையையோ அங்குள்ள மெஷினையோ தேடிப் போங்கள். பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டால் அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லும்போது கையில் எதுவும் இருக்காது. மொத்தக் குழுவும் அதே வரிசையில் நிற்கும் என்பதால் பஸ் விமான நிலையத்தில் நின்றதும் முதலில் இறங்குங்கள்.